ட்ரையரும் ஒரு கிலோ மிளகாயும்

குழந்தையின் துணியைத் தவிர வேறு எதையும் ட்ரையரில் போடக்கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன். முப்பது நிமிஷம்தான். அந்த முப்பது நிமிஷத்தால் ஒரு பெண் ஆறு வீட்டு வேலையை இழந்தார். 

ட்ரையர் வாங்கியது குழந்தைக்காகத்தான். மேடவாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிப் பார்க்காது. பால்கனிக் கம்பியில் துணி போட்டால் அசோசியேஷனிலிருந்து உடனே ஆள் வந்துவிடுவார். குழந்தை பிறந்தது ஐப்பசி கடைசியில். பழைய வேட்டிகளைக் கிழித்து மூத்திரத் துணி நாற்பது செய்து வைத்திருந்தோம். நாற்பதும் ஈரமாகவே இருந்தன. ஃபேனுக்கு அடியில் கட்டினோம், கட்டில் சட்டத்தில் விரித்தோம், இஸ்திரி போட்டோம். வீடு முழுக்க ஈர வாடை. மூன்றாம் நாள், சளி பிடித்துவிடும் என்று என் மனைவி அழுதாள். நான் அன்றைக்கே கடைக்குப் போய் மெஷினை வாங்கி வந்தேன். துணி சூடாக, லேசாக, வெளியே வந்த முதல் நாள் அதை இருவரும் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். எங்கள் துணிகள் ஃபேனுக்கு அடியிலேயே காய்ந்தன.

எங்களுக்கு உதவிக்கு ஆள் கிடையாது. மனைவிக்கு அம்மா இல்லை. என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, பொழிச்சலூரில் அண்ணன் வீட்டில் படுத்திருந்தார். அதனால் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு அக்கா வந்தார். நீலாங்கரையைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம் அவருக்கு. எங்கள் குடியிருப்பில் மட்டும் ஆறு கைக்குழந்தைகள், ஆறையும் அவர்தான் குளிப்பாட்டினார். பாத்ரூம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். வீல் என்று கத்திக்கொண்டு போகும் குழந்தை, தூங்கிக்கொண்டு திரும்பி வரும். அந்த மழையில் அவர் வீட்டுக்காரரின் படகு கடலுக்குப் போகவில்லை. இந்த ஆறு வீடுதான் அப்போது அவர்களுக்குச் சோறு. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாள் பைக்கில் கொண்டுபோய் அவர் தெருமுனையில் விட்டபோது அவரே சொன்னார்.

இனி மிளகாய்க் கதை. அம்மா அண்ணனிடம் ஒரு கிலோ மிளகாயும் தனியாவும் கொடுத்தனுப்பியிருந்தார். பால் கொடுக்கிற பெண்ணுக்குக் கடைப் பாக்கெட் தூள் ஆகாதாம், மில்லில் அரைத்துக்கொள்ள வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை மில்லுக்குப் போனேன். மில்காரர் ஒரு மிளகாயை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது உடையாமல் வளைந்தது.

"நமத்துப் போயிருக்கு சார். இத போட்டா மெஷின்ல அப்பிக்கும். நல்லா காயவெச்சு எடுத்துட்டு வாங்க."

"மழையில எங்க சார் காயவெக்கறது?"

"அது உங்க கஷ்டம்" என்றார்.

எனக்கு யாராவது முடியாது என்று சொன்னால் காது சூடாகிவிடும். மத்தியானம் மனைவியும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிளகாயை ஒரு பழைய தலையணை உறையில் கொட்டி, வாயை இறுக்கிக் கட்டி, ட்ரையரில் போட்டு முப்பது நிமிஷம் ஓடவிட்டேன். முடிந்து கதவைத் திறந்தபோது தும்மல் வந்தது. தையல் ஓரத்தில் உறை கொஞ்சம் விட்டிருந்தது. ஈரத்துணியால் டிரம்மை இரண்டு முறை துடைத்தேன், ஜன்னலைத் திறந்துவைத்தேன். மிளகாய் மொறுமொறு என்று இருந்தது. மில்காரர் மறுபேச்சு பேசாமல் அரைத்துக் கொடுத்தார். ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன். அரைக்காமல் மீந்த ஒரு கைப்பிடி மிளகாயை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் ட்ரையரில் போட்டது குழந்தையின் துணிகள்.

ஏழு மணிக்குக் குழந்தை அழ ஆரம்பித்தாள். பசி அழுகையும் தூக்க அழுகையும் எங்களுக்கு அதற்குள் பழகியிருந்தன, இது வேறு. காலை உதைத்து, முகம் சிவந்து, மூச்சு நின்று நின்று அழுதாள். துணியை மாற்றினோம். மாற்ற மாற்ற அதிகமாக அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு, அவர் அன்று எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இந்த ஒரு விஷயத்தை நான் நினைத்துப் பார்த்திருந்தால் போதும். நினைத்துப் பார்க்கவில்லை.

திங்கள் காலை அக்கா துணியை அவிழ்த்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தொட பூரா செவசெவன்னு கீது?"

குளிப்பாட்டி முடித்து, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கண் பட்டிருக்கும் என்றார். அலமாரியிலிருந்து நாலு மிளகாயும் உப்பும் எடுத்துக் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போட்டார். போடுவதற்கு முன் ஒரு மிளகாயை விரலால் உடைத்துப் பார்த்தார்.

"மிளகா இவ்ளோ மொறுமொறுன்னு கீதே. இந்த மயயில எங்க சார் காய வெச்சீங்க?"

"மழ விட்டப்ப மாடிலதான்" என்றேன்.

மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் சட்டத்தை மீறியதை ஒத்துக்கொள்ளச் சோம்பல், அவ்வளவுதான். இவ்வளவு சின்னப் பொய்க்கு இவ்வளவு நீளமான வால் இருக்கும் என்று அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டினோம். ஏதோ தோலுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் பட்டிருக்கிறது என்றார். வீட்டில் என்ன புதிதாக மாற்றினீர்கள் என்று கேட்டார். சோப்பு, எண்ணெய், துணி துவைக்கிற பவுடர், டேங்கர் தண்ணீர் என்று நான் வரிசையாகச் சொன்னேன். அப்போது மிளகாய் நினைவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். வந்தது. தலையணை உறையின் பிரிந்த தையல் ஒரு நொடி கண்முன் வந்தது. கூடவே, அடுப்பருகில் மிளகாயை உடைத்த அக்காவின் விரல்களும் வந்தன. இரண்டில் எனக்கு வசதியானதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசினேன். பேசப் பேச எனக்கே அது நிஜமாகிவிட்டது.

"அக்காவா இருக்கும்னு எனக்குத் தோணல" என்றாள் மனைவி.

"உனக்குத் தோணாது. மீன் வெட்டற கை, மிளகா அரைக்கற கை. சரியா கழுவிட்டு வராங்களான்னு யாரு பாத்தா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் குழந்தை விசும்பிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை அக்காவை வாசலிலேயே நிறுத்தினேன்.

"இனிமே வரவேணாம் அக்கா."

"ஏன் சார்? பாப்பாக்கு இன்னா ஆச்சு?"

"மிளகா தொட்ட கையோட குழந்தையத் தொட்டிருக்கீங்க. டாக்டரே சொல்லிட்டார்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"குளுப்பாட்டி முடிச்சி மேடம் கைல குட்த்துட்டுதானே சார் சுத்திப் போட்டேன். அதுக்கு முன்னாடியே செவந்துகினுதானே இருந்திச்சு."

"வீட்டுல மீன் கொழம்பு வெச்சிட்டு அப்படியே வந்திருப்பீங்க."

 அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு புடவையில் துடைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். லிஃப்ட் அந்த மாடியிலேயே நின்றிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியாது. அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன். கைக்குழந்தை உள்ளவர்கள் கவனமாக இருங்கள், குளிப்பாட்ட வருபவர் மீன், மிளகாய் தொட்ட கையோடு வருகிறார், கைச் சுத்தம் சரியில்லை, என் குழந்தையின் தோல் வெந்துவிட்டது என்று குழந்தையின் தொடையைப் படம் எடுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஐந்து வீட்டாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கும் அப்பவே சந்தேகம் என்று ஒருவர் எழுதினார். ஒரு பெண்மணி கை கூப்பும் பொம்மையாகவே ஆறு போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் மழை விட்டது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நல்ல வெயில். துணிகளெல்லாம் மொட்டை மாடியில் காய்ந்தன, ட்ரையரை யாரும் தொடவில்லை. டாக்டர் கொடுத்த களிம்பும் தடவினோம். சனிக்கிழமை குழந்தையின் தொடை பழையபடி ஆகிவிட்டது. அக்காவை நிறுத்தினோம், குணமாயிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். மூன்று நாளும் குழந்தையை நானே குளிப்பாட்டினேன், அக்கா செய்ததைப் பார்த்திருந்த தெம்பில். கால்மேல் போட்டபோது வழுக்கி விடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் குழந்தை அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. துணிகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்து ட்ரையரில் போட்டேன்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தை அதே அழுகையை அழுதாள்.

 அக்கா வந்து ஐந்து நாளாகிவிட்டது. அவர் கை பட்டு ஆறு நாளாகிவிட்டது. மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தாள். ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் நின்று கேட்டாள்.

"அந்த மெஷின்ல வேற ஏதாவது போட்டியா?"

"இல்ல" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

வியர்த்துக் கொட்டியது. என் துண்டு என்று நினைத்துக் கையில் கிடைத்ததால் முகத்தைத் துடைத்தேன். அது ட்ரையரிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்ட குழந்தையின் குளியல் துண்டு. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கண் எரிய ஆரம்பித்தது. முதலில் ஓரம், அப்புறம் உள்ளே. குழாயைத் திறந்து கழுவக் கழுவ எரிந்தது. என் தடித்த உள்ளங்கை ஒரு வாரமாக இந்தத் துணிகளை மடித்து அடுக்கியிருக்கிறது, அதற்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணுக்கு உறைத்தது. நாற்பத்தைந்து நாள் தோலுக்கு எப்படி உறைத்திருக்கும்?

கண்ணைச் சரியாகத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டே போய் ட்ரையரின் ஃபில்டரை உருவினேன். வாங்கிய நாளிலிருந்து அதை ஒரு முறைகூட உருவியதில்லை. பஞ்சு கனமாகப் படிந்திருந்தது. வெள்ளை வேட்டித் துணியின் பஞ்சு வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும். அது நடுவில் செங்கல் நிறத்தில் இருந்தது. அதற்குள் ஐந்தாறு மிளகாய் விதைகள். கதவு ரப்பரின் மடிப்பில் விரலை விட்டேன், அங்கேயும் பொடி.

"என்ன அது?" மனைவி பின்னால் வந்து நின்றிருந்தாள்.

கையை மூடிக்கொண்டேன். "பஞ்சுதான்."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"சோப்பு பட்டுடுச்சு."

ஒரு வாரத்தில் இது எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை. இந்த நிமிஷத்தை ரொம்ப நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பஞ்சைக் குப்பையில் போட்டு, டிரம்மைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துணிகளை மறுபடி துவைத்தால் முடிந்தது. குழந்தை குணமாகிவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது. அக்காவைக் கூப்பிட்டு, பழசை மறந்துடுங்க என்று பெருந்தன்மையாகக்கூடச் சொல்லிவிடலாம். இதெல்லாம் எனக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமல்ல, டிரம்மைத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குள் குழந்தையின் அழுகை மாறியது. கத்தத் தெம்பில்லாமல், முனகலாகப் போயிற்று. அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. கை நனைந்தபடியே ஹாலுக்குப் போய்ச் சொன்னேன். அந்தத் துணியை முதலில் அவிழ்த்துவிடு, தேங்காய் எண்ணெய் தடவி நன்றாகக் கழுவலாம், அதில் மிளகாய் இருக்கிறது, போட்டது நான்.

மனைவி உடனே குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். துணியை அவிழ்த்தாள். எண்ணெய் தடவினாள். நான் வெந்நீர் ஊற்ற, அவள் கழுவினாள். பெட்டியில் பிரிக்காமல் இருந்த புதுத் துணியில் குழந்தையைச் சுற்றி, அவள் தூங்கும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. தூங்கிய பிறகு சொன்னாள்.

"ஆறு வீட்டுலயும் நிறுத்திட்டாங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"கெளம்பு."

மழையில் சோழிங்கநல்லூர் வழியாகப் போனேன். பள்ளம் எது ரோடு எது என்று தெரியாத தண்ணீர். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். குப்பத்தில் படகுகளை எல்லாம் ரோட்டோரம்வரை இழுத்துப் போட்டிருந்தார்கள். அக்காவின் தெருமுனையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். அவர் வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முதலில் அவர்தான் பேசினார்.

"பாப்பாக்கு இன்னா சார் ஆச்சு?"

ஒத்திகை எல்லாம் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். மில், தலையணை உறை, மாடியில் காயவைத்ததாகச் சொன்னது, டாக்டர் பெயரில் சொன்னது, ஃபில்டரில் இருந்த விதை. 

"துணி காய வெக்கிற மிஷின்ல மிளகா போட்டியா நீ?" என்றார் கடைசியில்.

"ஆமா அக்கா."

"படிச்சவங்கதானே சார் நீங்க."

அவ்வளவுதான் திட்டு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குனிந்து முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வீசினார். அந்த குரூப்பில் எழுதிவிடுகிறேன், எல்லோரும் மறுபடி கூப்பிடுவார்கள் என்றேன். நின்ற இடத்திலேயே ஃபோனை எடுத்து எழுதினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எய்தினன்னு படி" என்றார்.

படித்தேன். "அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் நான் பதிவிட்ட விஷயத்தில் ஒரு சிறு புரிதல் குறைவு ஏற்பட்டுவிட்டது. குளிப்பாட்ட வரும் அக்காவின் மேல் எந்தத் தவறும் இல்லை. வருந்துகிறேன்."

"மிளகா வந்திச்சா அதுல?"

"இல்ல."

"மிஷினு?"

"இல்ல."

"நீதான் போட்டன்னு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு சார் அது? என்னைப் பத்தி சொல்லச்சே மீனு, மிளகா, கை, எல்லாம் வெவரமா எய்தினியாமே. போட்டோலாம் போட்டியாமே. இப்ப மட்டும் வெவரம் வேணாமா?"

அழித்தேன். மறுபடி எழுதினேன். ட்ரையரில் மிளகாய் காயவைத்தது நான். அந்தப் பொடி குழந்தையின் துணியில் பட்டது. அக்கா வருவதற்கு முந்தின நாளே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் கையில் குற்றமில்லை. டாக்டர் அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அது நான் சொன்ன பொய். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அவர் தலையசைத்த பிறகுதான் அனுப்பினேன். ஃபில்டரின் படத்தையும் போட்டேன், கிளம்பும்போது அதை எடுத்து வைத்திருந்தேன். நன்றி சொன்னவர்களில் ஒருவரும் பதில் எழுதவில்லை. 

"நாளைக்கு வருவீங்களா அக்கா?"

"மத்தவங்க கூப்ட்டா வரேன். ஒங்க வூட்டுக்கு வேணாம் சார்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்து வீடுகளில் மூன்று வீட்டார் அந்த வாரமே அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வீடுகளில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். எதற்கு வம்பு என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நான் போட்ட பழைய படத்தை அவர்கள் மறக்கவில்லை, புதிய படத்தை நம்பவும் இல்லை. மற்றபடி, லிஃப்டில் என்னைப் பார்த்தால், அப்பளம் காயவைக்க எத்தனை நிமிஷம் சார் என்று கேட்பவர்கள் உண்டு. சிரித்துக்கொள்வேன். அது என் பங்குக்கு வந்தது, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ட்ரையர் ஃபில்டரை இப்போதெல்லாம் தினமும் உருவித் தட்டுகிறேன்.

குழந்தையை நான்தான் குளிப்பாட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து சாம்பிராணிப் புகை பாத்ரூம் ஜன்னல் வழியாக மேலே வரும். அக்கா வந்துவிட்டார் என்று தெரியும். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் மேல் தளத்தில், ஒருவர் கீழ்த் தளத்தில், ஆளுக்கொரு குழந்தைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். முதல் மாடியில் கதவு திறந்தது. அக்கா நின்றிருந்தார். ஏறலாமா என்று ஒரு கணம் யோசித்தவர் போல நின்று, பிறகு ஏறினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்துக் கையை வீசிச் சிரித்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கை தானாக நீண்டது. பாதியில் நின்றது.

இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார்.

"கயுவிட்டேன் சார்" என்றார். அதன் பிறகுதான் குழந்தையை வாங்கினார்.